‘புரோக்கன் பைப்’ என்று திரையில் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றிய தோட்டங்களிலும் கணக்கு வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதிய பக்கம் இது. செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு), ஆலையின் எடைச்சீட்டு, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பட்டியல் என்று எல்லாம் எழுத்துக் கோப்புகளாகவே வந்து சேர்கின்றன. லினக்ஸில் ஒன்றின் வெளியீடு அடுத்ததற்குப் போகும்படி இரண்டு மூன்று கட்டளைகளைக் குழாய் (செங்குத்துக் கோடு) போட்டு இணைத்தால் அரை நாள் வேலை பசியாறும் நேரத்துக்குள் முடிந்துவிடும். கூடவே ‘புரோக்கன் பைப்’ (உடைந்த குழாய்) என்ற பிழைச் செய்தியும் வந்துவிடுகிறது.

கட்டளைகளின் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது வழக்கமான எழுத்துகளிலேயே செய்யுங்கள்.

இந்தச் செய்தி எதைச் சொல்கிறது?

எடைமேடைக் கோப்பிலிருந்து இந்த மாதம் அதிக எடை ஏற்றி வந்த ஐந்து லாரிகளைப் பார்க்க வேண்டும். ‘சார்ட்’ கட்டளையால் எடைவாரியாக இறங்குவரிசையில் அடுக்கி, செங்குத்துக் கோடு போட்டு, ‘ஹெட் -5’ என்று முடிக்கிறீர்கள். ஹெட் ஐந்து வரிகளை வாங்கித் திரையில் காட்டிவிட்டுப் போய்விடும். சார்ட்டின் கையில் இன்னும் ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும். அது அடுத்த தொகுதியை எழுதப் போகும்போது மறுமுனையில் வாங்குவதற்கு ஆளில்லை.

அந்த நேரத்தில் லினக்ஸின் மையமான கெர்னல், எழுதுகிற நிரலுக்கு ‘சிக்பைப்’ என்ற சமிக்ஞையை அனுப்புகிறது. லினக்ஸில் அதன் எண் 13. அதைப் பெற்ற நிரல் பேசாமல் செத்துப்போவதுதான் வழக்கமான ஏற்பாடு. ஆகவே மேலே சொன்ன எடுத்துக்காட்டை டெர்மினலில் ஓட்டினால் எந்தச் செய்தியும் வராது. ஆனால் ‘இந்தச் சமிக்ஞை எனக்கு வேண்டாம்’ என்று முன்பே ஏற்பாடு செய்துகொண்ட நிரல் சாகாது. எழுதும் முயற்சி மட்டும் தோற்று, 32 என்ற பிழை எண் அதனிடம் திரும்பி வரும். அந்த எண்ணைத்தான் நிரல் ‘புரோக்கன் பைப்’ என்று உங்களிடம் வாசித்துக் காட்டுகிறது.

ஆலையை நினைத்துக்கொண்டால் எளிது. செம்பனைக் குலை கொட்டும் ரேம்ப் (சாய்தளம்) நிறைந்திருந்தால் லாரிகள் வாசலில் காத்து நிற்கும். குழாய் நிறைந்தால் எழுதும் நிரலும் அப்படித்தான் காத்திருக்கும். ஆலை கதவையே சாத்திவிட்டால் காத்திருந்து பயனில்லை. டிவிசனுக்குத் தகவல் சொல்லிக் குலை வெட்டுவதை நிறுத்தச் செய்வார்கள். அந்தத் தகவல்தான் சிக்பைப்.

அப்படியானால் இது பிழையா, இல்லையா?

வலப்பக்கத்து நிரல் ஏன் போனது என்பதைப் பொறுத்தது. ஹெட் போலவோ, பக்கம் பக்கமாகக் காட்டும் ‘லெஸ்’ஸில் நீங்கள் ‘கியூ’ அழுத்தியது போலவோ, வேண்டியதை வாங்கிக்கொண்டு போயிருந்தால் அது பிழையே இல்லை. குழாயின் வடிவமைப்பே அதுதான். ஐந்து வரிக்காக ஐந்து லட்சம் வரிகளைக் கடைசிவரை எழுத வைப்பதுதான் முட்டாள்தனம். வலப்பக்கம் தானே தடுக்கி விழுந்திருந்தால் அது பிழைதான். ஆனால் அப்போதும் குற்றவாளி புலம்புகிற இடப்பக்கம் அல்ல.

ஹெட், லெஸ் எதுவுமே போடவில்லை. ஆனாலும் வருகிறதே?

இது நம் ஊரில் கேட்க வேண்டிய கேள்விதான், ஏனென்றால் நம் பெயர்களே இதற்கு வழி வைக்கின்றன. அடையாள அட்டைப்படி எழுதிய செக்ரோலில் பாதிப் பெயர்களில் ‘ஏ/எல்’ (இன்னாரின் மகன்) இருக்கும், மீதியில் ‘ஏ/பி’ (இன்னாரின் மகள்) இருக்கும். கிராணி ஒருவர் அந்தச் சாய்கோட்டை எடுத்துவிட நினைத்து, வலப்பக்கத்தில், எழுத்துகளைத் தேடி மாற்றும் ‘செட்’ கட்டளையை வைக்கிறார். செட்டில் தேடும் சொல்லையும் மாற்றும் சொல்லையும் பிரிப்பதற்கு எல்லாரும் பழக்கத்தில் சாய்கோட்டையே போடுகிறோம். பெயருக்குள் இருக்கும் சாய்கோட்டைச் செட் பிரிப்புக்கோடாக எடுத்துக்கொள்ளும். ‘ஏ’ என்பதைத் தேடு, ‘எல்’ என்று மாற்று, மிச்சம் இருப்பது என்ன என்று விழித்து, ‘தெரியாத விருப்பம்’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு, ஒரு வரியைக்கூட வாசிக்காமல் வெளியேறும். இடப்பக்கத்தில் பெரிய கோப்பை எழுதிக்கொண்டிருந்த பைதான் நிரல் உடனே புரோக்கன் பைப் என்று பத்து வரிக்குக் கத்தும். செட் சொன்ன ஒற்றை வரி அந்தக் கூச்சலுக்கு நடுவில் காணாமல் போய்விடும்.

ஆகவே செய்தியை மேலிருந்து கீழ்வரை முழுதாக வாசியுங்கள். புரோக்கன் பைப் அல்லாத வரி ஒன்று இருந்தால் அதுதான் காரணம். இந்த எடுத்துக்காட்டில் பிரிப்புக்கோட்டுக்குப் பதிலாக # குறியைப் போட்டால் போதும். பின்சாய்கோடு தவிர ஏறக்குறைய எந்தக் குறியையும் செட் ஏற்றுக்கொள்ளும். கட்டளையின் பெயரைத் தவறாக அடித்து ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று வந்தாலும் இதே கதைதான்.

சின்னக் கோப்பில் வருவதில்லை. மாதக் கடைசியில் மட்டும் வருகிறது. ஏன்?

குழாய்க்கு நடுவில் கெர்னல் ஒரு பஃபர் (இடைத்தேக்கம்) வைத்திருக்கிறது. லினக்ஸில் அதன் வழக்கமான கொள்ளளவு 65,536 பைட். உங்கள் வெளியீடு மொத்தமும் அதற்குள் அடங்கிவிட்டால், வலப்பக்கம் போவதற்குள் பெரும்பாலும் இடப்பக்கம் எழுதி முடித்துத் தானும் போய்விடும். அப்போது பிழை வராது. எடைச்சீட்டின் ஒரு வரி 64 பைட் என்று வைத்தால் 1,024 வரிகள்வரை தாங்கும். மாதத்தின் முதல் வாரத்தில் சும்மா இருந்த ஸ்கிரிப்ட் கடைசி வாரத்தில் வம்பு செய்வதற்கு இதுதான் காரணம்.

தமிழில் எழுதிய கோப்பு இந்த எல்லையை இன்னும் சீக்கிரம் தொடும். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். ‘சுங்கை’ என்ற சொல்லில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஆறு குறியீடு, 18 பைட். பெயர், டிவிசன், குறிப்பு எல்லாம் தமிழில் இருந்தால் ஏறக்குறைய 21,800 குறியீடுகளிலேயே பஃபர் நிறைந்துவிடும்.

எல்லைக்கு அருகில் இருக்கும் கோப்புகள்தான் மோசம். ஒரு முறை வரும், அடுத்த முறை வராது. எந்த நிரல் முந்துகிறது என்பது அன்றன்றைக்குக் கணினியின் சுமையைப் பொறுத்தது. ‘மீண்டும் ஓட்டினேன், சரியாகிவிட்டது’ என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

என் பைதான் நிரல் மட்டும் ஏன் இப்படிக் கத்துகிறது? சார்ட் அமைதியாகத்தானே போகிறது?

பைதான் தொடங்கும்போதே சிக்பைப்பைப் புறக்கணிக்கும்படி வைத்துக்கொள்கிறது. அதனால் நிரல் சாகாமல் ‘புரோக்கன்பைப்எரர்’ என்ற விதிவிலக்காக அந்தத் தோல்வி உங்கள் கைக்கு வருகிறது. நீங்கள் பிடிக்காவிட்டால் நீண்ட தடப்பட்டியல் திரையில் விழும்.

பிடித்த பிறகும் சிலருக்கு ‘விதிவிலக்கு புறக்கணிக்கப்பட்டது’ என்று இன்னொரு செய்தி வந்திருக்கும். பைதான் முடியும் தறுவாயில் தன் கையில் மிச்சமிருந்த எழுத்துகளை வெளியீட்டில் கொட்டப் பார்க்கிறது. அதற்கும் ஆளில்லாததால் வரும் செய்தி அது. அப்படி முடிந்தால் வெளியேறும் எண் 120 ஆக இருக்கும்.

பைதானின் ஆவணமே காட்டும் வழி இது: முக்கிய வேலை முழுவதையும் ‘ட்ரை’க்குள் வையுங்கள். அதன் கடைசி வரியில் வெளியீட்டை ‘ஃபிளஷ்’ செய்யுங்கள்; பிழை வருவதாக இருந்தால் இங்கேயே வரட்டும். ‘எக்செப்ட் புரோக்கன்பைப்எரர்’ பகுதியில் ‘ஓஎஸ்.டெவ்நல்’ கோப்பை (எழுதியதை எல்லாம் விழுங்கிவிடும் வெற்றுக் கோப்பு) எழுதுவதற்குத் திறந்து, ‘ஓஎஸ்.டப்2’ கொண்டு வெளியீட்டின் இடத்தில் அதைப் பொருத்திவிட்டு, 1 என்ற எண்ணோடு வெளியேறுங்கள். மிச்சம் இருப்பது டெவ்நல்லில் விழும், சத்தம் நின்றுவிடும்.

ஒரே வரியில் சிக்பைப்பைப் பழைய நிலைக்கு மாற்றிவிடும் குறுக்கு வழியும் உண்டு. கோப்பை வாசித்து வடிகட்டி அச்சிடுவது மட்டுமே வேலை என்றால் எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. நிரல் நெட்வொர்க்கிலும் பேசுகிறது என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சர்வர் இணைப்பு அறுந்த கணத்தில் எழுதிக்கொண்டிருந்தால் நிரல் முழுவதும் சொல்லாமல் சாகும். பைதான் ஆவணமும் இதையே எச்சரிக்கிறது.

ரஸ்ட், கோ, ஜாவா இவற்றில் எப்படி?

ரஸ்டும் பைதான் போலச் சமிக்ஞையைப் புறக்கணிக்கிறது. சாதாரண அச்சிடும் மேக்ரோ ‘பேனிக்’ ஆகி நிரலை நிறுத்திவிடும். கோ நிரலில் திரை வெளியீட்டுக் குழாய் உடைந்தால் நிரல் சிக்பைப்பால் சாகும், மற்ற இணைப்புகளில் பிழை மட்டும் திரும்பும். நல்ல நடுவழி. ஜாவாவின் வழக்கமான அச்சு வெளியீடு பிழையை விழுங்கிக்கொண்டு எழுதிக்கொண்டே இருக்கும். நீங்களே ‘செக்எரர்’ போட்டுக் கேட்க வேண்டும். விண்டோஸில் சிக்பைப் என்பதே கிடையாது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வைத்திருந்தால் அதற்குள் எல்லாம் லினக்ஸ் போலத்தான்.

பிழைச் செய்தி முழுவதையும் டெவ்நல்லுக்குத் திருப்பிவிட்டால் என்ன?

வேண்டாம். வட்டில் இடமில்லை, கோப்பைத் திறக்க அனுமதியில்லை, கோப்பே இல்லை என்ற செய்திகளும் அதே வழியாகத்தான் வருகின்றன. சம்பளப் பட்டியல் பாதியில் நின்றதற்குக் காரணம் வட்டு நிறைந்தது என்பதைச் சம்பள நாளன்று தொழிலாளி வந்து சொல்லித் தெரிந்துகொள்ள நேரும். 32-ஐ மட்டும் மன்னியுங்கள். மற்ற எண்கள் எல்லாம் கத்தட்டும்.

ஸ்கிரிப்ட் 141 என்ற எண்ணோடு நின்றுவிட்டது. இது என்ன எண்?

சமிக்ஞையால் செத்த நிரலுக்கு, கட்டளைகளை ஓட்டும் ஷெல்லான பாஷ் 128-ஐக் கூட்டி எண் தரும். 128-உம் 13-உம் சேர்ந்தால் 141. வழக்கமாகக் குழாய்த் தொடரில் கடைசிக் கட்டளையின் எண்ணை மட்டுமே பாஷ் பார்க்கும். அதனால் 141 கண்ணில் படாது. ஸ்கிரிப்டில் ‘பைப்ஃபெயில்’ அமைப்பைப் போட்டால் நடுவில் தோற்றவர்களும் கணக்கில் வருவார்கள். அதனுடன், தோல்வி வந்தால் நிறுத்தும் ‘எர்எக்ஸிட்’டும் சேர்ந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்.

நிற்பதாவது பரவாயில்லை. தவறான பதிலைச் சொல்வதுதான் ஆபத்து. மூன்று மாத எடைக்கோப்புகளை ‘கேட்’ கொண்டு சேர்த்து, குறிப்பிட்ட லாரி எண் இருக்கிறதா என்று ‘கிரெப் -கியூ’விடம் கேட்கிறீர்கள், ‘இஃப்’ நிபந்தனைக்குள். -கியூ போட்ட கிரெப் முதல் பொருத்தம் கிடைத்ததும் வெற்றியோடு வெளியேறிவிடும். அந்த லாரி மூன்றாவது வரியிலேயே இருந்தால் கேட் நடுவழியில் 141 என்று சாகும். பைப்ஃபெயில் அந்த 141-ஐத் தொடரின் முடிவாக எடுத்துக்கொள்ளும். இஃப் அதைத் தோல்வி என்று வாசிக்கும். வந்த லாரியை வரவில்லை என்று உங்கள் அறிக்கை சொல்லும்! அதே லாரி கோப்பின் கடைசியில் இருந்தால் பதில் சரியாக வரும். சோதனைக்காக எடுக்கும் சின்னக் கோப்பிலும் சரியாகவே வரும்.

இதற்கு நான் பரிந்துரைப்பது, -கியூவை விட்டுவிட்டு -சி போடுவது. எண்ணிக்கை சொல்ல வேண்டியிருப்பதால் கிரெப் கடைசிவரை வாசிக்கும், யாரும் சாகமாட்டார்கள். அந்த எண்ணிக்கையை ஒரு மாறியில் வாங்கிக்கொண்டால் திரையும் சுத்தமாக இருக்கும். அல்லது குழாயே வேண்டாம். கோப்புகளின் பெயர்களைக் கிரெப்பிடமே நேராகக் கொடுங்கள். கேட்டுக்கு அங்கே வேலையே இல்லை. குழாய் தவிர்க்க முடியாத இடத்தில் ஒவ்வொரு கட்டளையின் எண்ணையும் வைத்திருக்கும் ‘பைப்ஸ்டேட்டஸ்’ என்ற பட்டியலைப் பார்த்து, முதல் கட்டளை 0 அல்லது 141 என்றால் சரி என்று ஏற்றுக்கொள்ளலாம். அதை அடுத்த கட்டளைக்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு ‘எக்கோ’ போட்டாலும் பழைய பட்டியல் அழிந்துவிடும்.

முதல் ஐந்து வரி மட்டும் வேண்டும், ஆனால் இடப்பக்கம் சாகவும் கூடாது என்றால் செட்டிடம் 1 முதல் 5 வரை அச்சிடச் சொல்லுங்கள். அது மிச்ச வரிகளையும் வாசித்துக் கீழே போடும். நேரம் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். ‘5கியூ’ என்று எழுதினால் ஹெட் போலவே ஓடிவிடும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

குழாய் உடைந்தால் என் தரவு கெடுமா?

இடப்பக்கம் கோப்பை வாசிக்க மட்டும் செய்கிறது என்றால் எதுவும் கெடாது. மூலக்கோப்பு அப்படியே இருக்கும்.

இடப்பக்கம் எதையாவது மாற்றுகிறது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் யோசியுங்கள். தரவுத்தளத்தில் ஒவ்வொரு தொழிலாளியின் மேலதிக நேரத்தையும் ஏற்றி, ஆளுக்கு ஒரு வரி ‘ஏற்றியாயிற்று’ என்று அச்சிடும் நிரல் இருக்கிறது. ‘சரியாக ஓடுகிறதா என்று முதல் சில வரிகளை மட்டும் பார்ப்போமே’ என்று அதன் பின்னால் ஹெட்டை ஒட்டுகிறார் ஒருவர். திரையில் பத்துப் பேர். உண்மையில் ஏற்றப்பட்டது எத்தனை பேர்? பத்து அல்ல. எல்லாரும் அல்ல என்றும் சொல்ல முடியாது. குழாய்க்கு எழுதும்போது நிரல்கள் வரிக்கு வரி அனுப்புவதில்லை; சில ஆயிரம் பைட் சேர்ந்த பிறகே மொத்தமாகத் தள்ளும். அதற்கு மேல் கெர்னலின் 65,536 பைட் பஃபர். ஆகவே திரையில் காட்டிய பத்தைத் தாண்டியும் நிரல் நெடுந்தூரம் ஓடியிருக்கும். பிறகு எங்கோ ஒரு பெயரில் சமிக்ஞை விழுந்து செத்திருக்கும். அது எந்தப் பெயர் என்று திரை சொல்லாது. பட்டியல் சிறியதாக இருந்திருந்தால் எல்லாருக்கும் ஏறி முடிந்திருக்கவும் கூடும்.

மறுபடியும் ஓட்டினால் முன்பே ஏறியவர்களுக்கு இரண்டு முறை ஏறும். ஏற்றுகிற நிரலின் வெளியீட்டை எப்போதும் ஒரு கோப்புக்கு அனுப்பி, அந்தக் கோப்பை ஹெட்டால் பாருங்கள். நிரலை எழுதுபவர் நீங்கள் என்றால் மொத்த ஏற்றத்தையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வையுங்கள். நடுவில் செத்தால் ஒன்றுமே ஏறாமல் பழையபடி இருக்கும்.

‘டீ’ கட்டளையால் கோப்பிலும் சேமித்து, திரையிலும் கொஞ்சம் பார்க்கிறேன். கோப்பு பாதியில் நிற்கிறது.

டீயின் வலப்பக்கம் ஹெட் இருக்கிறது, இல்லையா? ஹெட் போனதும் டீ சாகிறது. டீ செத்தால் கோப்பும் அங்கேயே நிற்கும். -பி என்ற விருப்பத்தைச் சேர்த்தால் குழாய் உடைந்தாலும் டீ கோப்பைக் கடைசிவரை எழுதும். 2015-இல் வந்த கோர்யூட்டில்ஸ் (இந்த அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு) 8.24 முதல் இது இருக்கிறது. காப்புப் பிரதி எடுக்கிற இடத்தில் இதை மறக்கவே கூடாது.

கையால் ஓட்டினால் அமைதி. இரவில் தானாக ஓடும்போது மட்டும் பதிவேட்டில் சார்ட் முதற்கொண்டு எல்லாம் கத்துகின்றன. அண்ணா, இது என்ன மாயம்?

மாயம் இல்லை தம்பி, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி. அது தொடங்கும் சேவைகளுக்குச் சிக்பைப்பைப் புறக்கணிக்கும்படி அமைத்தே அனுப்புகிறது. புறக்கணிப்பு என்பது பிள்ளை நிரல்களுக்கும் தொடரும். அதனால் டெர்மினலில் பேசாமல் சாகும் சார்ட்கூட இங்கே சாகாமல் 32-ஐ வாங்கி, ‘எழுத முடியவில்லை’ என்று பதிவேட்டை நிரப்புகிறது.

சேவைக் கோப்பில் ‘இக்னோர்சிக்பைப்’ என்ற அமைப்பை ‘நோ’ என்று மாற்றினால் தீர்ந்தது. ஸ்கிரிப்டுக்குள் ‘டிராப்’ கட்டளையால் சரிசெய்யப் பார்க்காதீர்கள்: தொடங்கும்போதே புறக்கணிக்கப்பட்ட சமிக்ஞையை இப்படி ஓடும் ஷெல் மீட்க முடியாது என்பது பாசிக்ஸ் விதி. சேவைக் கோப்பைத் தொட அனுமதி இல்லாதவர்கள் ‘என்வ்’ கட்டளையின் ‘டிஃபால்ட்-சிக்னல்’ விருப்பத்தோடு அந்த நிரலை ஓட்டலாம். அதற்கு 2019-இல் வந்த கோர்யூட்டில்ஸ் 8.31 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும்.

ஹெட்டிடம் 100 பைட் கேட்டால் கடைசித் தமிழ் எழுத்துக் கோணலாகிறது. இதுவும் குழாய் உடைந்ததாலா?

இல்லை. 100-ஐ 3 வகுக்காது. ஒரு குறியீட்டின் முதல் பைட்டோடு வெட்டு விழுகிறது. 99 என்று கேட்டாலும் ‘சு’வில் உகரக் கொம்பு மட்டும் அறுந்து வெறும் ‘ச’ நிற்கலாம். தமிழ்க் கோப்பை வரிக்கணக்கில் வெட்டுங்கள், பைட் கணக்கில் வேண்டாம்.

மாலையில் மழை பிடித்தால் ஈப்போ சர்வரோடு இருக்கும் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்) இணைப்பு ‘புரோக்கன் பைப்’ என்று அறுகிறது. அதுவும் இதேதானா?

பிழை எண் ஒன்று, விஷயம் வேறு. இங்கே அறுந்தது நெட்வொர்க் இணைப்பு. வெகுநேரம் சும்மா கிடந்த இணைப்பை நடுவிலிருக்கும் ரவுட்டர் கைகழுவியிருக்கலாம், அல்லது உண்மையிலேயே லைன் போயிருக்கலாம். முதல் வகைக்கு எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் ‘சர்வர்அலைவ்இன்டர்வல்’ 60 என்று எழுதுங்கள். அறுபது விநாடிக்கு ஒருமுறை இணைப்பைத் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கும். இரண்டாவது வகைக்கு நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. நீண்ட வேலையை, இணைப்பு அறுந்தாலும் ஓட வைக்கும் ‘டிமக்ஸ்’ஸுக்குள் ஓட்டிப் பழகுங்கள். லைன் திரும்பியதும் உள்ளே போய், விட்ட இடத்தில் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.